மூன்று சுற்று

இரவு ஒன்றே முக்கால். ஊருக்கு வெளியே விளக்கே இல்லாத மண்சாலை. அதன் கடைசியில் பாதி கட்டிய பள்ளிக்கூடம்... சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

இது என் சகலைக்கு நடந்தது. அவர் பொய் சொல்கிற ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையே அவர் சொன்ன ஒரு பொய்யால் வந்தது.

சகலைக்குக் கட்டட வேலை. தொங்கு பலகையில் உட்கார்ந்து சுவர் பூசுவார். பலகையின் கயிறு மேலே உத்தரத்தைச் சுற்றிக் கீழே வரும். அதைக் கம்பத்தில் கட்ட வேண்டும். அவரும் 'நெட்டை' என்கிற கூட்டாளியும் இருபது வருஷம் ஜோடி. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஏறுகிறவருக்கு மற்றவர்தான் முடிச்சுப் போட வேண்டும். மூன்று சுற்று, பிறகு ஒரு இறுக்கு. இது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் சகலை போனில் பேசிக்கொண்டே இரண்டு சுற்றோடு விட்டுவிட்டார். நெட்டை விழுந்தார். ஆஸ்பத்திரிவரைகூட உயிர் தாங்கவில்லை. நெட்டையின் மனைவி மாரில் அடித்துக்கொண்டு கேட்டபோது சகலை என்ன சொன்னார் தெரியுமா? "அவனே கட்டிக்கிட்டான்மா. அவசரத்துல சரியா கட்டல."

மறு வருஷம் வெளிநாட்டில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தை வெள்ளம் கொண்டுபோனது. கட்டிக்கொடுக்க இங்கிருந்து தொண்டர்கள் கிளம்பினார்கள். "என் நண்பன் ஞாபகமா நானும் வர்றேன்" என்று சகலையும் போனார். போனால் மனசு ஆறும் என்று நினைத்திருப்பார்.

அங்கே தினமும் காலையில் நெட்டையின் போட்டோவுக்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிறகு சகலை பேசுவார். "என் நண்பன் மாதிரி அசால்ட்டா இருக்காதீங்க. ஒரே ஒரு சுத்து கம்மியா போட்டான்..." கூட வந்த டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு நண்பர் யாருக்குக் கிடைப்பாங்க!" என்றாள். அன்று சகலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளும் அதையே பேசினார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த மறுநாள் இரவுதான்... ஸ்டோர் ரூமில் படுத்திருந்தவருக்கு விழிப்பு வந்தது. வெளியே கயிறு உரசும் சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர். மூன்று. அப்புறம் 'டக்'. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த கம்பத்தில்... சர்ர்...

டார்ச்சோடு போனார். ஈரச் சிமெண்ட் வாசனை. கூடவே, நெட்டை முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி. அங்கே ஆறு பலகை. கூட்டாளி இல்லாததால் கட்டுவதும் சகலை, முதலில் ஏறிப் பார்ப்பதும் சகலை. அவர் போட்ட முடிச்சுகளை யாரோ அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள். எல்லாச் சுற்றும் இடது பக்கமாகப் போயிருந்தது. நெட்டை இடது கைக்காரர்.

"பழிவாங்க வந்திருந்தா தாங்கியிருப்பேன் சகலை. என்னைக் காப்பாத்த வந்திருக்கான். வெட்கத்துல செத்துடலாம்போல இருந்துச்சு" என்று என்னிடம் அழுதார்.

ஐந்து கம்பத்தில் முடிச்சு. ஆறாவதில் கயிறு கட்டாமல் தொங்கியது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. இதில் ஏறப்போவது நெட்டை. கட்ட வேண்டியது இவர்.

கயிற்றைப் பிடித்து ஒரு சுற்று... இரண்டு... மூன்றாவதுக்குக் கயிற்றை எடுக்கும்போது மேலே பலகை 'கிரீச்' என்றது. கயிறு விறைத்துக்கொண்டு கையை இழுத்தது. ஒரு ஆள் கனம்.

விட முடியவில்லை. கட்டவும் முடியவில்லை. "நான்தான்டா ஒழுங்கா கட்டல... நான்தான்டா!" என்று இருட்டைப் பார்த்துக் கதறினாராம். மேலே பலகை லேசாக ஆடியது, அவ்வளவுதான்.

விடிந்து ஆட்கள் வந்தபோதுதான் கயிறு தளர்ந்தது. உள்ளங்கையில் தோலே இல்லை. "ஐயோ, ராத்திரி பூரா என்னங்க பண்ணீங்க?" என்றாள் டாக்டரம்மா. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? சகலை போட்டோவைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "நண்பன் ஞாபகம்மா... தூக்கம் வரல" என்றார்.

திரும்பி வந்து ஏழு மாதம் ஆகிறது. நெட்டையின் வீட்டு வாசல்வரை நாலு தடவை போய்த் திரும்பியிருக்கிறார். "நீங்களாவது சொல்லிடுங்க சகலை" என்று என்னைக் கெஞ்சினார். நானும்தான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வருகிற வாய், அந்தப் பெண்ணிடம் வரவில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது தினமும் ஒன்றே முக்காலுக்கு, தூக்கத்தில், அவருடைய வலது கை இறுக மூடிக்கொள்கிறது. என் மச்சினிதான் விரல் விரலாகப் பிரித்துவிடுவாள். போன வாரம் பிரிக்கப் போனபோது, கண்ணைத் திறக்காமலே அவர் அலறினாராம்.

"பிரிக்காதடி... அவன் இன்னும் இறங்கல."