ஊதாவுக்கு விலை கிடையாது

ஃபோன் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கறுப்பாக எடுங்கள் என்பதுதான். தெப்பக்குளம் பக்கம் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். புதுசு விற்பேன், பழசு வாங்குவேன். அந்தப் பேச்சைக் கேட்டு நஷ்டப்பட்டேன் என்று இதுவரை ஒருவர்கூட என் படியேறி வந்து சொன்னதில்லை. புதுசாக இருக்கும்போது எல்லா நிறமும் ஒரே விலைதான். இரண்டு வருடம் கழித்து விற்க வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். கறுப்புக்கு எப்போதும் ஆள் இருக்கும். நீலம் பரவாயில்லை. வெள்ளை பழுப்படித்துவிடும். சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் வாங்கினவருக்கு மட்டும் பிடித்த நிறங்கள். அடுத்தவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற கலர் இல்லீங்களா" என்று வைத்துவிடுவார்.

இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் சார். நேற்று நீங்கள் "எதுக்குய்யா கலரை மாத்தின" என்று நாலு தடவை கேட்டீர்கள். நான் பதில் சொல்லச் சொல்ல உங்கள் ஏட்டு சுருக்கிச் சுருக்கி எழுதினார். சுருக்கினால் நான் மோசமானவனாகத் தெரிகிறேன். அதனால்தான் தாள் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன். பெயர் பீமராவ், வயது நாற்பத்தெட்டு, வீடு உறையூர். மனைவி யமுனா. பிள்ளைகள் இல்லை.

போன ஜூன் மாதம் பச்சைமலையிலிருந்து நல்லதம்பி என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மரவள்ளி போடுகிற மனிதர். மகள் பெயர் யாழினி. நர்ஸிங் சேர்ந்து, ஸ்ரீரங்கத்தில் ஹாஸ்டலில் தங்கப்போகிறாள் என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தனை ஃபோன் இருக்க, அந்தப் பெண் வந்ததும் வராததுமாக இளம் ஊதாவைக் காட்டிவிட்டாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"கறுப்பு எடுத்துக்கம்மா. நாளைக்கு மாத்தணும்னா ரெண்டாயிரம் கூட வரும்."

"நான் மாத்தப் போறதில்லைங்கண்ணா. ஹாஸ்டல்ல சார்ஜ் போடுற எடத்துல எல்லாம் கறுப்பாவே கெடக்குமாம். எது யாருதுன்னே தெரியாதாம். இதுன்னா எங்க கெடந்தாலும் என்னோடதுன்னு தெரியும்ல."

அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊதா என்றால் விலை போகாதா என்று என்னிடம் கேட்டார். பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், பெட்டி இருந்தால் எந்த நிறமும் கொஞ்சம் கூடப் போகும் என்றேன். அவர் அந்தக் காலிப் பெட்டியை மஞ்சப்பைக்குள் வைத்து, வாயைச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மலையில் ஒரே ஒரு பாறை மேல்தான் சிக்னல் கிடைக்குமாம். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாறையில் ஏறி நின்றுவிடுவேன், புள்ள பேசும் என்றார். திரைக்குக் கண்ணாடி ஒட்டியது நான்தான். வலது மூலையில் ஒரு சின்னக் குமிழ் நின்றுவிட்டது. இரண்டு நாளில் போய்விடும் என்று சொன்னேன். அந்தக் குமிழ்கள் போவதில்லை. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பின்பக்கக் கவரில் கடைப் பெயர் ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கடை திறந்து அரைமணி ஆகியிருக்கும். காத்தான் வந்தான். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் எருமை மேய்க்கிறவன். துண்டில் சுற்றி ஒரு ஃபோனைக் கொண்டுவந்திருந்தான். இளம் ஊதா.

"பஞ்சக்கரை ரோட்டுல கெடந்துச்சுண்ணே. படித்துறை தாண்டி மூணாவது லைட்டுக் கம்பம் இருக்குல்ல, அதுகிட்ட. நேத்து இருட்டினப்பறம் மாட்ட ஓட்டிக்கிட்டு வந்தேன், ரோட்டோரமா கெடந்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துப் பேசினா திருட்டுப்பயன்னு நெனப்பாங்களோன்னு பேசல. கவருல உங்க கடை பேரு இருந்துச்சு. யாருதுன்னு பாத்துக் குடுத்துருங்க."

அவன் விற்க வரவில்லை, சார். இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். டீ குடிக்கச் சொல்லி இருநூறு ரூபாய் நான்தான் அவன் பையில் திணித்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன், போ என்றேன். அவனை இதில் சேர்க்காதீர்கள்.

முதல் நாள் உங்களிடம் ஃபோன் அணைந்துதான் வந்தது என்று சொன்னேன். அது சரியில்லை. உயிரோடுதான் வந்தது. திரையில் "அப்பா" என்ற பெயரில் முப்பத்தோரு தவறிய அழைப்புகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்திரண்டாவது வந்தது. ஒரு பாறை மேல் தலைத்துண்டோடு நல்லதம்பி நிற்கிற படம் திரை முழுக்க வந்தது. கையில் அதிர்ந்தபடியே இருந்து நின்றது. நான் சிம்மை வெளியே எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்துப் பேசவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ திருடிக் கொண்டுவந்த ஃபோனை வாங்கிவிட்டு, ஒரு பகல் முழுவதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் கண்டெடுத்த ஃபோன் என்றாலே எனக்குப் பேச்சு வராது. வியாபாரமும் அந்த மாதம் படுத்துக் கிடந்தது. இன்னொன்றும் இருந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெண் என் பேச்சைக் கேட்காமல் ஊதாவை எடுத்தாள், எட்டே மாதத்தில் தொலைத்தும் விட்டாள். எனக்கு உள்ளுக்குள் லேசாக ஒரு திருப்தி. எங்கேயாவது கைதவறிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஊதாவை ஊதாவாகவே வைத்தால் ஆறு மாதம் பெட்டியில் கிடக்கும். அதனால் எங்கள் தொழிலில் பாடி மாற்றுவது வழக்கம். உள்ளே இருக்கிற சரக்கை அப்படியே எடுத்து வேறு நிறக் கூட்டுக்குள் பொருத்துவது. சூடு காட்டிப் பின்பக்கத்தைக் கழற்ற வேண்டும், திருகாணிகளை வரிசை மாறாமல் எடுத்துவைக்க வேண்டும், நிதானம் வேண்டும். எனக்கு அது கைவந்த வேலை. முதலில் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தேன். பதினொன்றரைக்கு அது முடிந்தது. பன்னிரண்டரைக்கு ஃபோன் கறுப்பாகியிருந்தது. சிம் டிரே மட்டும் கறுப்பில் கிடைக்கவில்லை. கீறல் மறைக்க ஒரு கறுப்பு நெயில் பாலிஷ் வைத்திருப்போம், அதைப் பூசி, ஃபோனையும் டிரேயையும் மேசை விரிப்பின் மேல் காயவைத்தேன்.

காய்ந்துகொண்டிருக்கும்போது நல்லதம்பி வந்தார். மணி ஒன்று.

செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். மஞ்சப்பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து, காய்கிற ஃபோனுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"சார், நேத்து ஏழு மணிக்குப் புள்ள பேசிக்கிட்டே இருந்துச்சு. எப்பவும் ஆத்தங்கரை ரோட்டுல நடந்துக்கிட்டேதான் பேசும், ஹாஸ்டல்ல ஒரே சத்தம்னு. திடீர்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, வண்டிச் சத்தமாட்டம். அதோட நின்னுபோச்சு. அப்பறம் ரிங்கு போவுது, எடுக்கல. இப்ப அதுவும் போவல. ராவெல்லாம் பாறையிலயே இருந்தேன். மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன். ஹாஸ்டலுக்கும் வரலையாம்."

"போலீஸுக்குச் சொன்னீங்களா?"

"ஹாஸ்டல்காரங்க போயிருக்காங்க. எனக்கு இந்த ஊருல உங்களத்தான் சார் தெரியும். பெட்டியில நம்பர் இருக்குமாமே. அத வச்சு போனு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எங்க தேடுறதுன்னு ஒரு எடம் தெரிஞ்சாப் போதும் சார்."

பெட்டியை எங்கேயும் தொலைக்காமல் வைத்திருந்தார். நான் சொன்னதற்காகத்தான். விற்கிறவனுக்கு ஃபோன் இருக்கிற இடமும் தெரியும் என்று நம்பி, நேராக என்னிடம் வந்துவிட்டார். அவர் மேசையைப் பார்த்தார். காய்கிற ஃபோனையும் பார்த்தார். "இதே அளவுதான் சார் அதோட போனும். ஊதா. ஊதா ஏதும் வந்துச்சுங்களா" என்றார்.

"ஊதா எதுவும் இல்லீங்களே பெரியவரே" என்றேன்.

மேசை மேல் அப்போது ஊதா எதுவும் இல்லை, சார். அந்த அளவில் நான் சொன்னது பொய்யில்லை. ஊதாக் கூடு மேசை இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறை சரியாக மூடவில்லை. முழங்காலால் சாத்திக்கொண்டேன்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். காலேஜ் சிநேகிதிகளை விசாரியுங்கள், பஸ் ஸ்டாண்டில் பாருங்கள் என்று நாலு யோசனை சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போகும்போது பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நம்பரப் பாத்துக்கிட்டே இருங்க சார்" என்றார். நான் கையை நீட்டி வாங்கினேன்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் டவரைப் பார்த்து, புதன் காலை பத்து மணிக்கு ஃபோன் தெப்பக்குளம் பக்கம் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் பெண் பக்கத்திலிருக்கிற சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எங்கேயோ பஸ் ஏறியிருக்கிறாள் என்று முடிவு செய்து, இந்தப் பக்கமே தேடினார்கள். வெள்ளிக்கிழமை காலை நாணல் அறுக்கப்போன பெண்கள்தான் அவளைப் பார்த்தார்கள். படித்துறை தாண்டி மூன்றாவது லைட்டுக் கம்பத்துக்கு நேர் கீழே, சரிவில், ஆள் உயர நாணலுக்குள். இடித்த வண்டி நிற்கவே இல்லை. இன்றுவரை அகப்படவும் இல்லை.

நேற்று நீங்கள் டாக்டரின் காகிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இடுப்பும் ஒரு காலும் உடைந்திருக்கிறது. உயிர் போனது வியாழன் விடியற்காலை. அதாவது நல்லதம்பி என் கடையில் டீ குடித்தபோது அவள் இருந்தாள். அதற்கப்புறமும் பதினைந்து மணி நேரம் இருந்தாள். என் கடையிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஸ்ரீரங்கம் இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஆட்டோ.

செய்தி கேட்ட அன்று கடையைத் திறக்கவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். யமுனா காய்ச்சல் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தாள். எனக்கு உண்மையாகவே துக்கம், சார். அந்தக் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். என்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அடுத்த வாரம் காத்தான் வந்து, "அந்தப் புள்ளையோட போனாண்ணே அது" என்று கேட்டான். இல்லப்பா, அது வேற ஆளு, அன்னைக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு என்றேன். அவன் முகத்தில் நிம்மதி வந்தது. ஒரு மனிதனையாவது நிம்மதியாக அனுப்பினோமே என்று அப்போது எனக்குப் பட்டது.

நல்லதம்பி மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு ஃபோனாகப் பார்ப்பார்.

"போனோட வெலைக்காக இல்ல சார். அதுல புள்ளையோட போட்டோ இருக்கும், பேசினது இருக்கும். எங்க ஊட்டுல பத்தாவது படிக்கறப்ப எடுத்த ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. போனு வந்துச்சுன்னா சொல்லுங்க."

சொல்கிறேன் என்பேன். அந்தப் படங்களும் பேச்சும் புதன்கிழமை பதினொன்றரை மணிக்கே போய்விட்டன. அதை அவரிடம் சொல்வது கொடுமை என்று நினைத்தேன், அதனால் சொல்லவில்லை.

ஃபோனை ஏப்ரலில் ஹாலித் என்கிற பையன் வாங்கினான். துபாயிலிருந்து லீவில் வந்தவன். பேரமே பேசவில்லை. கறுப்பு. அவன் சிம் போட்ட நாளிலிருந்து, பெட்டியில் இருக்கிற அதே நம்பர் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. என் கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தபோது பெட்டி, ஊதாக் கூடு இரண்டும் அப்படியே இருந்தன. ஏன் தூக்கிப் போடவில்லை என்று நீங்களே ஆச்சரியப்பட்டீர்கள். பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. நானே எப்படிப் போடுவேன்.

ஆகவே நான் ஒப்புக்கொள்கிறேன். அது யாருடைய ஃபோன் என்று பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். வலது மூலையில் குமிழ் அப்படியே இருந்தது. எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியும். நல்லதம்பி அந்தச் சத்தத்தைச் சொன்னபோது, அவள் எங்கே கிடக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது லைட்டுக் கம்பம் என்று மூன்று வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. டிரே காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் யார்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண் அன்றைக்குக் கறுப்பு எடுத்திருந்தால் நான் பாடி மாற்றியிருக்கவே மாட்டேன். அவள் அப்பா வந்தபோது ஃபோன் மேசை மேல் அப்படியே கிடந்திருக்கும், பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பார், நேராக ஆற்றங்கரைக்குப் போயிருப்பார், பிள்ளையும் பிழைத்திருக்கும். கறுப்பு எடுத்துக்கொள்ளம்மா என்று நான் அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை.