வெறும் மணியில் ஒட்டிய வெற்றி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் தியோலிந்தா அவர்களே, சாகஸ் நோயை இதயத்தில் சுமந்துகொண்டே பருத்திக்காட்டில் பாடுபட்ட பெரியோர்களே, மண்சுவர் விரிசலில் மறைந்திருந்து அந்நோயைப் பரப்பும் வின்சுக்காப் பூச்சியோடு பிள்ளைகளுக்காகப் போராடிய தாய்மார்களே, சந்தியாகோ தெல் எஸ்தேரோ மாநில நோயாளர் சங்கத்துச் சொந்தங்களே, வணக்கம்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நன்றி கூறும் தீர்மானத்தை வழிமொழிய என்னை அழைத்தீர்கள். அங்கே பதினாறு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கும் நொர்மாவாகிய நான், அதை எதிர்க்க வந்திருக்கிறேன். முணுமுணுக்க வேண்டாம், முழுதும் கேளுங்கள்.

நாங்கள் செய்தது என்ன? ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலும் ஒரு குட்டிப் புரதச் சரத்தைத் தொங்கவிட்டோம். செல்லுக்குச் செல் சரம் வேறு, கோடிக்கணக்கான சரங்கள். நோய்க்கிருமி உயிர்வாழ ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைத் தூசியினும் நுண்ணிய காந்த மணிகளில் பூசி, செல்களோடு கலந்து, எந்தச் சரம் அதைக் கவ்விப் பிடிக்கிறது என்று சலித்தோம். பிடிக்கும் சரம் கிடைத்தால் மருந்துக்கு ஒரு வழி திறக்கலாம். நல்ல வேலை, நாணயமான வேலை.

ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. முதலில் நொதி பூசாத வெறும் மணிகளோடு செல்களைக் கலக்க வேண்டும். வெறும் மணியிலேயே ஒட்டுபவை ஏமாற்றுச் சரங்கள். அவற்றை அள்ளிக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் எங்கே போயிற்று?

"வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்க வராங்க நொர்மா. வெறும் மணியை வச்சு விளையாட இப்ப நேரமில்ல," என்றார் எங்கள் இயக்குநர். "சரிங்க டாக்டர்," என்றேன் நான். அப்படிச் சொன்ன என் வாயை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

நொதியைக் கவ்வியதென்று ஒரு சரத்தை வெள்ளியன்று அவர் காட்ட, மருந்து கிடைத்துவிட்டது என்று முழங்கின நாளிதழ்கள். மறுவாரம் யாரும் கேட்காமலே அந்தச் சோதனையைச் செய்தேன். வெற்றிச் சரம் வெறும் மணியில் அப்படியே அப்பிக்கொண்டது. நொதியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முடிவைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதையெல்லாம் யாரும்மா கேக்கப் போறாங்க? போய் மாத்தே டீ குடிச்சிட்டு வேலையப் பாரு," என்றார்.

யார் கேட்பார்கள் என்றா? மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சுலேமா கேட்பாள். உடம்பெல்லாம் தடித்து அரித்தபோதும் மருத்துவர் தந்த மாத்திரையை விடாமல் விழுங்கியவள். நேற்று பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் உங்க புது மருந்து வரப்போகுதே அக்கா, இந்த அரிப்பை நான் எதுக்குத் தாங்கணும்? டப்பாவையே தூக்கிப் போட்டுட்டேன்," என்று சிரித்தாள். விளம்பரம் விரும்பியவருக்கு விழா, அதை நம்பியவளுக்கு நோயா? பொய்யைப் பரப்பியவருக்குப் பொன்னாடை, மெய்யைச் சொன்னால் வேலைநீக்கமா? இதற்கா நாம் கைதட்டுவது?

"அப்ப மருந்தே இல்லையா?" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். புது மருந்து இல்லை ஐயா, மருத்துவர் தரும் பழைய மாத்திரைதான் இருக்கிறது. சலிப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை வெளியே சொன்னால் என் வேலை போகும் என்றார்கள் ஆய்வுக்கூடத்தில். போகட்டும்.

தீர்மானத்தைத் திருத்துங்கள். வெறும் மணியில் வந்த முடிவையும் வெளியிடு என்று எழுதுங்கள். சுலேமா, நாளைக் காலை உன் வாசலுக்கு வருகிறேன். மாத்திரையை மறுபடி தொடங்க இருவருமாக உன் மருத்துவரிடம் போவோம். அவர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவள் நான்.

இந்த மேடையில் நான் சொல்லும் ஒரே நன்றி, பொறுமையோடு கேட்ட உங்களுக்குத்தான். வணக்கம்.