ஞாயிற்றுக்கிழமை மான்

1999 அக்டோபர், ஒரு திங்கட்கிழமை. எடிசனிலிருந்து நியூயார்க் போகும் காலை ரயிலில், என் முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவர் சொன்னார்:

“நான் அடிச்ச மான் இன்னும் சாகல மச்சி.”

பெட்டியில் வேறு யாரும் திரும்பவில்லை.

“எங்க பட்டுச்சு?”

“வயித்துல. சனிக்கிழமை இருட்டுற நேரம். அம்பை எடுத்துப் பார்த்தா ரத்தத்தைவிட பச்சைதான் அதிகம், அது தின்ன தழை.”

“வயித்துல பட்டா உடனே தொரத்தக் கூடாதுடா, எழுந்து ரொம்ப தூரம் ஓடிடும். ராத்திரி முழுக்க விடணும்.”

“விட்டேனே. விடிஞ்சா ஞாயித்துக்கிழமை. இந்த ஸ்டேட்ல ஞாயித்துக்கிழமை வேட்டை கிடையாது. வில்லை வீட்ல வெச்சிட்டு வெறுங்கையோட தேடப் போனேன்.”

“கிடைச்சுதா?”

“ஓடைப் பக்கம் படுத்திருந்துச்சு. என்னைப் பார்த்து எழுந்துக்க ட்ரை பண்ணுச்சு, முடியல. ஒரு அம்பு போதும். கையில இல்ல.”

“யாருக்காவது போன் பண்ணியிருக்கலாம்ல?”

“வனத்துறைக்குப் பண்ணேன். லீவு நாள், ஆன்சரிங் மெஷின்தான் பேசுச்சு.”

“இந்நேரம் செத்திருக்கும், விடு. பத்து மணிக்கு ஒய்-டூ-கே டெஸ்டிங். நீ இல்லன்னா மேனேஜர் என்னைத்தான் கடிப்பான்.”

“செத்திருந்தா சரி. சாகலைன்னா? இன்னிக்கு வில்லோட போகலாமே.”

அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஜன்னல் பக்கம் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“டேய், மேனேஜர்கிட்ட என்னடா சொல்றது?”

“உடம்பு சரியில்லைன்னு சொல்லு.”

“யாருக்கு? உனக்கா, மானுக்கா?”

“மானுக்குன்னா லீவு தர மாட்டான். எனக்குன்னே சொல்லு.”

கதவு மூடியது. நண்பர் காலியான இருக்கைக்கு நகர்ந்து, ஜன்னலில் தலைசாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.