மூன்றா, நான்கா

சின்னக் கார்தானே என்று இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள் சார். கைக்கு அடக்கமான ஹாட்ச்பேக்தான், ஆனால் மிதித்தால் பெரிய கார்களுக்கே தண்ணி காட்டும். அதன் புது மாடல் வரப்போகிறது என்றதும் கார்ப் பைத்தியங்கள் எல்லாரும் என் யூடியூப் சேனலுக்குத்தான் வந்தார்கள். சத்தத்தைக் கேட்டே எஞ்சினைச் சொல்லிவிடுவேன் என்பதால் என்னைக் 'காதுக்காரர்' என்பார்கள்.

பழைய மாடலில் நான்கு சிலிண்டர். புதியதில் ஒன்றைக் குறைத்து, பேட்டரி சேர்த்து, மூன்றாக்கிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். நாலுதான் என்று இன்னொரு சேனல்காரன் அடித்துச் சொன்னான். அன்றிலிருந்து என் வீடியோவுக்குக் கீழே கிண்டல்தான். "காதுல இருக்கிற பஞ்சை எடுங்கண்ணே" என்று ஒருவன் எழுதினான். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரை ஓட்டிச் சோதிப்பவரே என் தங்கையின் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன்.

"மூணா நாலா, அதை மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை."

"சொன்னா வேலை போயிடும் மச்சான். வண்டி கடைக்கு வரட்டும், நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க."

"அண்ணா, அவரை நிம்மதியா சாப்பிடத்தான் விடேன்" என்றாள் தங்கை. விட்டுவிட்டேன். நான் யாரையும் நச்சரிப்பவன் அல்ல.

கல் குவாரிச் சாலையில்தான் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அவளே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அங்கே ஒரு வளைவு உண்டு. புதன்கிழமை காலை அதில் டீசல் ஊற்றினேன். நிறைய இல்லை, ஒரு கேன்தான். எனக்கு பானெட் திறந்தால் போதும், அவ்வளவுதான். மாப்பிள்ளை கெட்டிக்கார ஓட்டுநர். வண்டி லேசாகச் சறுக்கி ஓரத்தில் முட்டும், இறங்கித் திறந்து பார்ப்பார், தற்செயலாக வந்தவன்போல நானும் எட்டிப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். வேகம்தான் அந்தக் காரின் விசேஷம் என்று எத்தனையோ வீடியோவில் நானே சொல்லியிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வண்டி பாறையில் மோதியது. பானெட் மடங்கித் தானே திறந்துகொண்டது. மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தார். நினைவு இருந்தது.

"மச்சான்... ஆம்புலன்ஸ்..."

"இருங்க மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்" என்றேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை.

எஞ்சின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். சிலிண்டருக்கு ஒன்று என்று தீப்பொறி தரும் 'காயில்' இருக்கும், அதை எண்ணினால் போதும். எண்ணினேன். நம்ப முடியாமல், விரல் சுடச் சுட மறுபடி தொட்டு எண்ணினேன். நாலு.

வேறொருவனாக இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். என்னை அப்படி வளர்க்கவில்லை. அங்கேயே நின்று படம் எடுத்து, 'நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள்' என்று எழுதிப் போட்டேன். சிக்னல் சரியில்லை, படம் ஏற வெகுநேரம் பிடித்தது. நடுவில் போன் பேசினால் அறுந்துவிடுமே என்று காத்திருந்தேன். ஏறி முடிந்ததும் முதல் வேலையாக ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டேன். அதற்குள் மாப்பிள்ளை என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். செய்த தப்பை ஒத்துக்கொள் என்று நீங்களும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அன்றைக்கே, அத்தனை பேர் பார்க்க, ஒத்துக்கொண்டுவிட்டேனே சார். நாலுதான். நான்தான் மூன்று என்று தப்பாகச் சொல்லிவிட்டேன்.