கார்மெலா கடைக்கு விழுந்த ஒரு ஸ்ரார்

...இல்லை, நீரே சொல்லும் பிள்ளை, ஒரு கடைக்காரர் இப்பிடிச் செய்யலாமோ? இருவது வரியமா வாறன் நான். இருவது வரியம்! முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் கதவிலை ஒரு துண்டை ஒட்டிப்போட்டு... அதுவும் பிரெஞ்சிலை. வாசிச்சனீரோ? இஞ்சாலை தள்ளி நில்லும், கதவு திறக்கத் திறக்கக் குளிர் அடிக்குது. "வாற கிழமையிலையிருந்து வெள்ளிக்கிழமைப் பீற்சா இல்லை, மெர்சி." அவ்வளவுதான். மெர்சியாம், நன்றியாம்! வயித்திலை அடிச்சுப்போட்டு மெர்சி!

நீர் அந்த மூலை வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமைதானே? ஆர்த்திகா எண்டுதானே பேர்? ஓம், ஓம், உம்மடை பக்கத்து வீட்டுச் சிவாஜினி சொன்னவ. ரொறொன்ரோப் பிள்ளை. அப்ப உமக்கு இந்தக் கடையின்ரை அருமை தெரியாது. அங்கை திரும்பினாத் தமிழ்க்கடை. இஞ்சை மொன்றியலிலை, இந்தப் பியர்பொன்ட்ஸிலை ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும் கார் எடுக்கவேணும். நடந்து வரக்கூடியது இந்த இத்தாலிக்காரி கார்மெலான்ரை கடை மட்டும்தான். பருப்பு இருக்கு, கடலை இருக்கு, கத்தரிக்காய் எங்கடை கடையளை விட வடிவா... பொறும், முன்னாலை ஒராள் போட்டுது. ஒரு அடி போம்.

எங்கை விட்டனான்? ஆ, பீற்சா. நீர் நினைக்கிற பீற்சா இல்லை உது. வட்டமில்லை. பெரிய தட்டிலை சுட்டு, சதுரம் சதுரமா வெட்டி, வெள்ளைப் பெட்டியிலை அடுக்கி நூலாலை கட்டித் தருவா. மேலை தக்காளிப்பழக் குழம்பு, அவ்வளவுதான். இறைச்சி இல்லை. சீஸ் இல்லை. சூடும் இல்லை! ஆறப்போட்டுத்தான் விப்பா, ஆறினபடிதான் தின்னவேணும். மொன்றியல் இத்தாலிக்காரற்றை முறை அது. முதல் நாள் எனக்கும் தெரியாது. "நேற்றையானைத் தாறாய், சீஸும் போட மறந்துபோனாய்" எண்டு சண்டைக்குப் போனனான். அவ உடனை ஒரு துண்டை எடுத்து என்ரை வாய்க்குள்ளை வைச்சிட்டா. பேந்து நான் ஏன் வாயைத் திறக்கிறன்?

அதிலையும் சனத்துக்கு ஆயிரம் அபிப்பிராயம். அந்தா, கறுத்தத் தொப்பியோடை நிக்கிறாரே, அவர் தியாகலிங்கம் அண்ணை. கர்க்லாண்டிலையிருந்து வாறவர். அவருக்கு எப்பவும் உறைப்புக் காணாது. சட்டைப் பைக்குள்ளை இடிச்ச சம்பல் கொண்டு திரிவார், பகிடி இல்லை, போத்திலோடை! வாங்கின உடனை காருக்குள்ளை இருந்து பூசித் தின்னுவார். வீட்டிலை மனுசி உப்பும் உறைப்பும் கண்ணிலை காட்டமாட்டா, பிறசர். இவர் ஏன் வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்கெண்டு வெளிக்கிடுறார் எண்டு மனுசிக்கு இன்னும் தெரியாது. நீரும் சொல்லிப்போடாதேயும்.

அவருக்குப் பின்னாலை டொக்டர் சண்முகவேல். மெட்ராஸ் ஆள், நல்ல மனுசன். ஆனா ஒவ்வொரு கிழமையும் அதே கேள்வி. "இதைக் கொஞ்சம் சூடு பண்ணித் தரமாட்டாங்களா?" தரமாட்டாங்கள் ஐயா, தரமாட்டாங்கள்! இவ்வளவு படிச்ச மனுசனுக்கு இது ஏறேல்லை. "எங்க ஊர் ஊத்தப்பம் மாதிரியே இருக்கு" எண்டு வேறை. ஊத்தப்பம் மாதிரி இருந்தா வீட்டிலை சுட்டுத் தின்னலாமே, ஏன் லைனிலை நிக்கிறீர் எண்டு கேக்க வாய் உன்னும். கேக்கேல்லை. என்ரை முழங்காலுக்கு மருந்து எழுதுறவர்.

முன்னாலை நிக்கிற வெள்ளைக்காரி கத்தரின். அவவுக்கு மூலைத்துண்டுதான் வேணும், கரை கருகினது. ஒரு தட்டுக்கு நாலு மூலைதானே? நாலையும் அள்ளிக்கொண்டு போவா. அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை... சொல்லாமல் இருக்கிறதுக்கு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு ஏன் இந்த அந்தரம் எண்டு கேக்கிறீர். கேக்கேல்லையோ? சரி, நானே சொல்லுறன். என்ரை மகன் கீர்த்திகன் புரோசார்ட்டிலை. ஆத்துக்கு அங்காலை. வேலை முடிஞ்சு பாலம் கடந்து வாறதெண்டா ஒண்டரை மணித்தியாலம். ஆனா வெள்ளிக்கிழமையிலை வருவான், பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு. நான் வெள்ளிக்கிழமை மச்சம், மீன் இறைச்சி ஒண்டும் காய்ச்சன், அது உமக்குத் தெரியும்தானே, எங்கடை வீடுகளிலை எல்லாம் அப்பிடித்தான். பிள்ளையள் புட்டைப் பாத்தா முகத்தைச் சுளிக்குதுகள். சாம்பாரைக் கண்டா அதுகள் தங்களுக்குள்ளை பிரெஞ்சிலை ஏதோ சொல்லிச் சிரிக்குதுகள். என்னைத்தான் பகிடி பண்ணுதுகள் எண்டு தெரியும், என்னெண்டுதான் தெரியாது. இந்தப் பீற்சா சைவம். பெட்டியை நடுவிலை வைச்சா ஒரு சத்தம் இருக்காது. அவன், மருமேள், ரெண்டு பிள்ளையள், நான், அஞ்சு பேரும் ஒரே மேசையிலை. சின்னவளின்ரை மூக்கிலையும் தக்காளி.

இனிப் பீற்சா இல்லையெண்டா அவன் வரமாட்டானோ? வருவான். ரெண்டு கிழமை வருவான். பேந்து "அம்மா, இண்டைக்கு மீற்றிங்" எண்டுவான். பேந்து போனிலை முகம் காட்டுவான். மகன் நல்லவன்தான் பிள்ளை, ஆனா பாலம் நீளம். அவ்வளவு தூரம் வாறதுக்கு ஆருக்கும் ஒரு சாட்டு வேணும். எனக்கு உண்மையாப் பயமாக் கிடக்கு. ராத்திரி அந்தத் துண்டைப் பற்றிச் சிவாஜினி போனிலை சொன்ன நேரம் தொடக்கம் நித்திரை இல்லை.

ஏன் நிப்பாட்டுகினம் எண்டோ? எல்லாம் அந்த மருமேனாலை. கல்லாவிலை நிக்கிறானே, தாடிக்காரன், அவன் மார்க்கோ. கார்மெலான்ரை மகளைக் கட்டினவன். கடையைத் தான் பாக்கிறன் எண்டு வந்து நிண்டு, நாள் முழுக்கப் போனைத்தான் பாக்கிறான். கடைக்குச் சனம் நெற்றிலை என்ன எழுதுது, அஞ்சு நட்சத்திரத்திலை எத்தினை ஸ்ரார் போடுது... ஒராள் ஒரேயொரு ஸ்ரார் போட்டிட்டுதாம். அது மேலை போய்க் குந்தியிருக்காம். திறந்தா அதுதான் முதல் தெரியுமாம். புதுச்சனம் அதை வாசிச்சுப்போட்டு வராமல் நிண்டிட்டுதாம். முந்தி பத்துத் தட்டு ஓடின இடத்திலை இப்ப மூண்டு. இண்டைக்குக் கடைசி எண்டபடியா இந்தச் சனம்.

உப்பிடியும் சனம் இருக்குதுகள் பாத்தீரோ! பிடிக்காட்டி வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதானே? ஒரு மனுசி விடிய நாலு மணிக்கு எழும்பி மா குழைக்கிறா. எழுபத்திரண்டு வயசு. அந்தக் கையைப் பாத்தா இப்பிடி எழுத மனம் வருமோ? கண்கெட்ட சனம். நெஞ்சிலை ஈரமில்லாத... நீர் என்ன போனிலை தட்டுறீர்? அதைத் தேடுறீரோ? விடும், விடும் பிள்ளை, அதை வாசிச்சு ஏன் மனதைப் பழுதாக்கிறீர். அது கிடக்கட்டும். ரொறொன்ரோவிலை வீடுகள் இப்ப என்ன விலை...

தமிழிலை கிடக்கோ.

ம்.

ஓ, இப்ப போனே மொழிபெயர்த்துக் குடுக்குதாம் என்ன. எனக்கு அது தெரியாது. தமிழிலை எழுதினா எங்கடை சனம் மட்டும்தானே வாசிக்கும் எண்டு... ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? பேரும் கிடக்கோ? முழுப்பேருமோ? "யோகராணி" எண்டு ஊரிலை எத்தினை பேர்... பெருப்பிச்சாப் படமும் தெரியுதோ. ஐயோ. அது பேத்தி றொஷினி போன கோடையிலை எடுத்தது. அந்தச் சீலை எனக்கு நல்லா எடுப்பு என்ன?

மெதுவாக் கதையும், டொக்டருக்குக் காது நல்லாக் கேக்கும். சொல்லுறன். நான் கூடாத எண்ணத்திலை செய்யேல்லை. சத்தியமா. போன வைகாசியிலை பேத்தி காட்டினவள், "அப்பம்மா பாருங்கோ, உங்கடை கடைக்கு எல்லாரும் அஞ்சு ஸ்ரார்." பாத்தன். அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. ஒரு கறை இல்லை. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. உமக்கு விளங்கும்தானே? இப்பிடி ஊர் முழுக்கப் புகழ்ந்தா அது உருப்படுமோ? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. வடிவான குழந்தைக்குக் கன்னத்திலை கறுத்தப் பொட்டு வைக்கிறதில்லையோ? வீடு கட்டேக்கை முன்னாலை ஒரு அவலட்சணமான வெருளியைக் கட்டித் தூக்கிறதில்லையோ? அப்பிடித்தான். ஒரு பொட்டு. கார்மெலான்ரை கடைக்கு நாவூறு படக்கூடாதெண்டு நான் வைச்ச பொட்டு.

எழுதினதிலையும் ஒரு பொய் இல்லை. வாசிச்சுப் பாரும். "பீற்சா ஆறிப்போய்த்தான் இருக்கும். சீஸ் கிடையாது. இதுக்காக மினக்கெட்டு வராதேங்கோ." ஆறித்தானே இருக்கு? சீஸ் இல்லைத்தானே?

கடைசி வரி ஏனோ... ம். சரி, உமக்கென்ன ஒளிப்பான். பதினொண்டரைக்கு வந்தாலே பெட்டி முடிஞ்சு போற காலம் அது. ரெண்டு வெள்ளி வெறுங்கையோடை போய்ப் பிள்ளையளுக்குப் புட்டுக் குடுத்தன். நாலு சனம் குறைஞ்சா எனக்கும் கிடைக்கும் எண்டு... பொட்டு வைக்கிற கையாலை ஒரு பிடி மையைக் கூட அப்பிப்போட்டன். இருவத்தேழு பேர் "உதவியா இருந்தது" எண்டு அமத்துவினம் எண்டு நான் கனவே கண்டன்? அண்டு தொடக்கம் லைன் குறைஞ்சுது, எனக்கும் புளுகம், சந்தோசம். உள்ளதைச் சொல்லுறன், நல்லாப் புளுகம். ரெண்டு மூலைத்துண்டும் கிடைச்சுது.

என்ன? சொல்லவோ? அவவிட்டையோ? உமக்கென்ன விசரோ பிள்ளை! இருவது வரியப் பழக்கம்... ஐயோ, கத்தரின் போட்டா. டொக்டரும் முடிஞ்சுது. அடுத்தது நாங்கள். நீர் பக்கத்திலை நில்லும், எங்கையும் போயிடாதேயும்.

பொன்ஜூர் கார்மெலா. சவா, சவா. கார்மெலா... செ மோவா. அந்த ஒரு ஸ்ரார். செ மோவா. இல்லை, பகிடி இல்லை, நான்தான். மார்க்கோ, போனைப் பார், அந்தக் குட்டிப் படத்தைப் பெருப்பிச்சுப் பார். ஓம், சீலையோடை. பார்தோன், கார்மெலா, பார்தோன். நான் உனக்குக் கெடுதல் நினைக்கேல்லை... பிள்ளை, நாவூறுக்குப் பிரெஞ்சிலை என்ன? உமக்கும் தெரியாதோ? சரி, இஞ்சை பார் கார்மெலா. பெபே. ஜொலி பெபே, வடிவான பெபே. எல்லாரும் பாக்கினம், ஜொலி, ஜொலி, ஜொலி. பேந்து பெபே மலாட், வருத்தம். அதாலை இஞ்சை, கன்னத்திலை, நுவார், கறுப்பு. ஒரு பொட்டு நுவார்.

கார்மெலா கையைத் துடைக்கிறா. என்னைப் பாத்துக்கொண்டே நிக்கிறா. முகம் ஒரு மாதிரிப் போட்டுது பிள்ளை.

அவன் என்ன சொல்லுறான்? இப்பவே மாத்தட்டாம், தன்ரை கண்ணுக்கு முன்னாலை, அஞ்சு போடட்டாம், பேந்து யோசிப்பமாம். சரி, சரி, மாத்துறன் தம்பி. பிள்ளை, இந்தாரும் என்ரை போன், எனக்குக் கண்ணாடி இல்லை. பழசை அழியும். "இதைப் போலை பீற்சா ஒரு இடத்திலையும் இல்லை, ஆறினபடி தின்னுறதுதான் முறை" எண்டு எழுதும். "இந்த மனுசியின்ரை கையாலை என்ரை மகன் வெள்ளிக்கு வெள்ளி வீட்டை வாறான்" எண்டும் எழுதும். எழுதிட்டீரோ? இனி ஸ்ரார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு... நில்லும்! நில்லும்! அஞ்சிலை கை வையாதேயும்!

நாலு காணும். தம்பி மார்க்கோ, கத்தாதை, நாலு! செத்தாலும் அஞ்சு போடன். பேந்து ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? நீ துண்டை ஒட்டு, ஒட்டாமல் விடு, அஞ்சு மட்டும் என்ரை கையாலை...

இதென்ன, கார்மெலா கழுத்துக்குள்ளை கையை விடுறா. சங்கிலி... பிள்ளை, பாத்தீரோ உதை! சங்கிலியிலை தொங்குது, மிளகாய்ப்பழம் போலை, சிவப்பா, ஒரு குட்டிக் கொம்பு. கண்ணைத் தொட்டுக் காட்டுறா. கடையைச் சுத்திக் காட்டுறா. கொம்பைப் பிடிக்கிறா. அடி ஆத்தே, இவையளுக்கும் கண்ணூறு இருக்கு!

நாலு விரலைக் காட்டுறா மருமேனுக்கு. நாலாம். அஞ்சு வேண்டாமாம். நல்லாக் குடுக்கிறா அவனுக்கு, இத்தாலியிலை. அமத்தும் பிள்ளை, நாலை அமத்தும், கெதியா.

அவன் கதவடிக்குப் போறான். துண்டிலை கை வைச்சிட்டான். கிழிக்கிறான்... கிழிக்கிறான்! ஐயோ, பாக்காதேயும் பிள்ளை, சிரிக்காதேயும், இஞ்சாலை திரும்பி நில்லும். எங்கடை கண்ணும் கண்தானே.