மார்லிஸின் பாதி

குளிர்காலத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். விரல் விறைத்திருப்பவரால் கையெழுத்துப் போட முடியாது. அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கில் எங்கள் ஊர்ப்பக்கம் நவம்பரிலேயே ஏரி உறைந்துவிடும். மார்லிஸ் ஹாகனுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

அவள் கணவன் வெர்னன் காகித ஆலையில் வேலை பார்த்துவந்தான். விவாகரத்து சண்டையில்லாமல் முடிந்தது. வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். அவளுக்கு மிஞ்சியது அவனுக்கு வரவிருந்த ஆலை ஓய்வூதியத்தில் பாதி. அவன் இறந்தாலும் அது அவளுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்று நீதிபதி எழுதினார்.

ஆனால் ஓய்வூதிய நிதிக்காரர்கள் தீர்ப்பைப் பார்ப்பதில்லை. பங்கு பிரிக்கவென்று தனியாக ஓர் ஆணை எழுதி, நீதிபதியிடம் கையெழுத்து வாங்கி, அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் அவன் இறந்துவிட்டால், அன்றைக்கு யார் மனைவியோ அவளுக்கே பணம். மார்லிஸின் வக்கீலாக அந்த ஆணையை எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

எழுதத் தொடங்கிய வாரம் என் தங்கை ஆர்டிஸ் வந்தாள். விதவை, வாடகை வீடு. தேவாலயத்து மீன் விருந்தில் அவளை வெர்னன் பக்கத்தில் உட்காரவைத்தவன் நான். தனியாக இருக்கும் இருவருக்குச் செய்யும் சின்ன உபகாரம் என்றே நினைத்தேன்.

"அவர் கல்யாணம் பேசறார் அண்ணா. ஆனா இதயம் ரொம்ப பலவீனமாம், அதிக நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அப்புறம் மறுபடியும் நான் நடுத்தெருவுலதானா?"

"அத நான் பாத்துக்கறேன்மா."

ஆணையை எழுதுவதை அன்றே நிறுத்தினேன்.

மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"என்ன வக்கீலே, அந்தப் பேப்பர் போறதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன் போலிருக்கே?"

"அனுப்பியாச்சு. நிம்மதியா இரு."

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா ரசீது கேட்டிருப்பேன். நீயாச்சே, தொலைஞ்சு போ."

வசந்தத்தில் வெர்னனும் ஆர்டிஸும் மணம் செய்துகொண்டார்கள். இலையுதிர் காலத்தில் அவன் ஆலையில் வேலை நேரத்திலேயே விழுந்து இறந்தான். அடக்கத்துக்கு மறுநாள் மார்லிஸ், உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து வேகவைத்த பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆர்டிஸின் வீட்டுக்கு வந்தாள். "சாப்பிடுடி. அழறதுக்கும் தெம்பு வேணும்ல" என்று தன் கையாலேயே பரிமாறினாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். கர்த்தர் என்னைத் தடுத்து நிறுத்த அனுப்பிய ஆள் அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் சாப்பிட்டேன்.

பணம் தனக்கு வராது என்று தெரிந்ததும் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"நீ அனுப்பினத அந்தப் பயலுக தொலைச்சிட்டாங்க போல. ஏதாச்சும் செய்ய முடியுமா?"

"பெரிய அலுவலகங்கள்ல இப்படி நடக்கும் மார்லிஸ். இனி வழியில்ல."

அறுபத்தெட்டு வயதில் அவள் இப்போது நெடுஞ்சாலை விடுதியில் அறை துடைக்கிறாள்.

வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குழுவிலிருந்து வந்திருக்கும் நீங்கள், ஆணையை அனுப்பாதது மறதியா என்று கேட்டீர்கள். இல்லை. அவன் சீக்கிரம் சாவான் என்று தெரிந்தே காத்திருந்தேன். அவளுடைய பாதியை எடுத்து என் தங்கைக்குக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு வந்த அன்று மார்லிஸ் என் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் அவளிடம் கட்டணம் வாங்கவில்லை.