நாலு அங்குலக் கட்டை

"ஏரோப்ளேனே பறக்கறதே தாத்தா, அதுக்குள்ள சைக்கிள் எதுக்கு?" என்று பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி ஒரு நாள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் வாசல் அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு பெரிய கித்தான் பை தைத்துக்கொண்டிருந்தேன். "இறங்கின ஊர்ல ஓட்டறதுக்குடி கண்ணே" என்றேன். "அந்த ஊர்ல சைக்கிளே கிடையாதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்கண்டு கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு எல்லாம் விளங்கும், இன்ஸ்பெக்டர். சுற்றி வளைப்பதாக நினைக்க வேண்டாம். பழனி இறந்ததற்காக அவன் தாயார் பாப்பாத்தியை இரண்டு நாளாக இங்கே வரவழைத்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படுக்கையில் கிடந்த பிள்ளைக்குச் செய்து செய்து அலுத்துப்போய் அவளே ஏதோ செய்துவிட்டாள் என்று நினைக்கிறீர்களாம். அது தவறு. அன்று காலை அவள் அகர்பத்தி உருட்டப் போயிருந்தாள். ஒரு பாவமும் அறியாதவள் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவது முறையில்லை என்று பட்டது. அதனால்தான் வந்தேன்.

என் பெயர் வைத்யநாதன். அக்ரஹாரத்தில் வீடு. ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். வண்டிகளில் நீங்கள் உட்காரும் மெத்தை இருக்கைகளைத் தைக்கும் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை சாம்பு. பெரிய தர்மங்கள் செய்யும் வசதி எனக்கு இருந்ததில்லை. ஆனால் வெயில் காலத்தில் ஜட்கா குதிரைகளுக்கு வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைப்பேன். தபால்காரருக்கு மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. பகவான் சின்னக் காரியங்களைத்தான் பார்க்கிறார் என்பது என் நம்பிக்கை. இப்போதும் அதில் மாற்றமில்லை.

சாம்புவுக்குப் படிப்பு ஏறவில்லை. சைக்கிள் ஒன்றுதான் ஏறியது. பசவராஜ் மாஸ்டர் நடத்திய சைக்கிள் சங்கத்தில் சேர்ந்து, ஸ்ரீரங்கப்பட்டணம் வரை காலையில் போய்விட்டு வருவான். அந்தச் சங்கத்தில் அவனைவிட வேகமாகப் போகிறவன் ஒருவன்தான். பழனி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன். என்னைப் பார்த்தால் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் கும்பிடுவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் வடக்கே மலைச்சாலையில் ஓர் அகில இந்தியப் போட்டி வந்தது. குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பிரபு, சங்கத்திலிருந்து இரண்டு பேர் விமானத்தில் போய்வர ஏற்பாடு செய்தார். பழனி போட்டியாளன், சாம்பு மாற்று ஆள். பழனிக்கு ஏதாவது முடியாமல் போனால்தான் சாம்பு ஓட்டலாம். முதல் ஐந்து இடத்துக்குள் வருகிறவர்களுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று பேச்சு. வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. சாம்புவுக்கு அந்த மார்கழியோடு இருபத்தைந்து முடிகிறது. பழனிக்கு இருபத்தொன்று. இந்த இரண்டு எண்களையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இதில் பேராசை எதுவும் இல்லை. ஒருவனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. இன்னொருவனுக்கு இதுதான் கடைசி.

சைக்கிளை எதில் வைத்து அனுப்புவது என்று மாஸ்டர் என்னிடம் வந்தார். பட்டறைக்காரன் என்று என்மேல் மரியாதை. மூன்று வழிகள் இருந்தன. கம்பெனியிலிருந்து சைக்கிள் வரும் அட்டைப்பெட்டி. மழையில் நனைந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மரப்பெட்டி, யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான். மண்டியில் அரிசி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். பெட்டி மட்டுமே பதினான்கு கிலோ. மூன்றாவது கித்தான் பை. மூன்று கிலோகூட வராது. உள்ளே கம்பளி கொடுத்து, இருக்கைக்கு வைப்பது போல் மெத்தை வைத்துத் தைத்தால் போதும்.

"பேட ஸ்வாமி, பையெல்லாம் வேண்டாம்" என்றார் மாஸ்டர். "ஏரோப்ளேன்ல மூட்டை மாதிரி வீசுவாங்க."

"வீசட்டும். நான் தைக்கிறேன் பாருங்கள்" என்றேன்.

நான் நல்லெண்ணத்தோடுதான் பையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பை. பையில் வைக்கும்போது சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிவிட வேண்டும். முன்சக்கரம் போனதும் அதைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கால்கள், ஃபோர்க் என்பார்களே, வெறுமையாக நிற்கும். மேலே பாரம் விழுந்தால் அவை மடங்கும். அதற்காக இரண்டு கால்களுக்கும் நடுவில் சக்கரத்தின் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் நாலு அங்குலத்துக்கு ஒரு தேக்குக்கட்டை வைத்துக் கட்டினேன். இரண்டு சைக்கிளுக்கும் இரண்டு கட்டை. அந்தக் கட்டை இருந்தால் பை பெட்டிக்குச் சமம். இல்லாவிட்டால் அது வெறும் மூட்டை.

பழனி வந்து பார்த்துவிட்டுப் பையைத் தடவித் தடவிச் சிரித்தான். "ஏனுங்க சாமி, இதுல என்னையும் மடிச்சு வெச்சுட்டீங்கன்னா ஒரு டிக்கெட்டு மிச்சமுங்களே."

"உன் காலை எங்கடா மடிக்கிறது? ஒட்டகச்சிவிங்கி" என்றான் சாம்பு. இருவரும் அவ்வளவு சிநேகம். பெற்றவனுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் விஜயதசமியன்று புறப்பட வேண்டும். முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் ஊரில் அன்று லாரியிலிருந்து அரிவாள்மணைவரை எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. பூஜை ஆன கருவியை மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள். இரண்டு பைகளையும் கட்டி என் பூஜை அறையில் சாய்த்து வைத்தோம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் பையன்கள் மத்தியானம் தசராப் பொருட்காட்சி பார்க்கப் போனார்கள். பைகளுக்கு மஞ்சள் கயிறு சுற்றுவது மட்டும் பாக்கி. அதை நானே செய்வதாகச் சொல்லியிருந்தேன்.

உட்கார்ந்து வெகுநேரம் பிரார்த்தனை செய்தேன். பிறகு பழனியின் பையைத் திறந்து கட்டையை எடுத்தேன். மூடி, வார்களை இறுக்கி, மேலே மஞ்சள் கயிற்றை ஏழு சுற்றுச் சுற்றி, குங்குமம் வைத்தேன். பூஜைக் கயிறு கட்டியதை வழியில் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். மாஸ்டர் விமான நிலையத்தில் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டாராம். பழனிதான் தடுத்திருக்கிறான். "வேண்டாமுங்க மாஸ்டர். சாமி கையால கட்டுன கயிறு. ஊர் போய்த்தான் அவுக்கோணும்."

நான் நினைத்தது இவ்வளவுதான். ஃபோர்க் நசுங்கும். பழனியின் சைக்கிள் ஓடாது. சாம்பு ஓட்டுவான். சைக்கிளுக்கு வலிக்குமா? ஒரு மனிதனுக்கும் நகம்கூடப் பெயராமல் ஒரு குடும்பம் பிழைத்துப்போகும். அடுத்த வருஷம் பழனிக்கு நானே மரப்பெட்டி செய்து தருவதாக மனசுக்குள் சங்கல்பம் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டெலிபோனுக்கு டிரங்க் கால் வந்தது. சாம்பு.

"அப்பா, பழனியோட ஃபோர்க் உள்பக்கமா மடங்கியிருக்கு. சக்கரம் நுழையல. கட்டையைக் காணோம்பா."

"விழுந்திருக்கும்" என்றேன்.

"கையால இழுத்து நிமிர்த்தினா சரியாகும் போல இருக்கு. பண்ணலாமா? இல்லேன்னா என் சைக்கிளை அவனுக்குக் குடுத்துடறேன். அவன் ஓட்டட்டும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பிள்ளையின் குணம் அப்படி. அவனை அப்படி வளர்த்தவன் நான்தான். மடங்கிய இரும்பை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். பட்டறையில் பார்த்திருக்கிறேன். நிமிர்த்தாதே என்று சொன்னால் சாம்பு தன் சைக்கிளைக் கொடுத்துவிடுவான். மூன்று நிமிஷத்தில் பேச்சு அறுந்துவிடும். யோசிக்க நேரமில்லை.

"நிமிர்த்துங்கோ. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சிக்குப் போவார்கள், சமதரையில் அது விட்டுப்போகும், முழங்கையில் சிராய்ப்போடு போய்விடும் என்று நினைத்தேன். பயிற்சிக்குத்தான் போனார்கள். மலைமேல் ஏறும்வரை அது தாங்கியது. இறக்கத்தில் ஒடிந்தது. பழனிக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சாம்பு மறுநாள் போட்டியில் ஓட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தானாம். அதன்பின் சைக்கிளையே தொடவில்லை. இப்போது ஹாசனில் ஓர் உரக்கடையில் இருக்கிறான், மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவான். ஆகவே இந்தக் காரியத்தால் எனக்கு எந்த லாபமும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழனியை மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு வருஷம் நாலு மாதம். ஒரு நாள் தவறாமல் நான் போனேன். காலையில் பாப்பாத்தி வேலைக்குப் போனதும் போவேன். தயிர்சாதம் ஊட்டுவேன், க்ஷவரம் செய்துவிடுவேன், புண் வராமல் புரட்டிவிடுவேன். ரயில் இருக்கைக்கான பஞ்சை வைத்து அவனுக்கென்று மெத்தையும் தலையணையும் தைத்தேன். டாக்டரே பார்த்து அசந்துபோனார். அக்ரஹாரத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. பாப்பாத்தி என் காலில் விழுவாள். "பெத்தவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்க சாமி" என்பாள். அந்த இரண்டு வருஷமும் என் வாழ்க்கையிலேயே மனசு நிறைந்திருந்த காலம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன புதன்கிழமை போனபோது பழனி சாப்பிடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். முதல் நாள் சங்கத்துப் பையன்கள் அவனிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவன் வெளியூர்ப் போட்டிக்குப் போகிறானாம். சாம்புவின் பழைய பையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான்.

"சாமி, சாம்புவோட பையில கட்டை இருந்துச்சுங்க. கட்டுன கயிறுகூட அப்படியே இருந்துச்சு."

"ஆமாம்."

"என்னோடதுலயும் அதே முடிச்சுத்தானுங்களே போட்டீங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அது தானா அவுந்து விழாதுங்க. விழுந்திருந்தாலும் பைக்குள்ளதானே கெடக்கோணும்?"

நான் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

"ஞாயித்துக்கெழமை சாம்பு வருவானுங்களே. அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவன் எப்போதும் மரியாதையான பையன்.

இரண்டு நாள் யோசித்தேன். கோவிலுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். என்னைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவனைப் பற்றித்தான் கவலை. இதுவரை உடம்பு மட்டும்தான் படுத்திருந்தது, மனசு சுத்தமாக இருந்தது. இனி சந்தேகம் என்கிற விஷம் ஏறும். யாரையாவது வெறுத்துக்கொண்டு கிடப்பான். அப்படி ஒரு நரகத்தை அவனுக்கு யார் கொடுத்தாலும் பாவம்தான். எழுந்து நடக்கவே முடியாதவன். நல்ல நினைப்பு மிச்சம் இருக்கும்போதே போய்விடுவது ஒரு பாக்கியமில்லையா?

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். க்ஷவரம் செய்து, முகம் துடைத்து, விபூதி இட்டேன். கண்ணை மூடிக்கொள் என்றேன். மூடிக்கொண்டான். நான் தைத்துக் கொடுத்த அதே தலையணைதான். நூற்றெட்டுத் தடவை பகவான் நாமம் சொன்னேன். அவசரப்படவில்லை. வெளியே குழாயடியில் பெண்கள் குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. பிறகு தலையை நேராக்கி, வேட்டியைச் சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பாப்பாத்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியே தூக்கில் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்திருக்கிறேன், அவள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். இன்னொன்று. சாம்பு வந்திருக்கிறான். கொள்ளி வைக்க அவன்தான் நிற்கிறான். தலையணை விஷயத்தை அவனிடம் சொல்லுங்கள், கருணையால் செய்தது என்று அவனுக்குப் புரியும். கட்டை விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட முடியுமா என்று பாருங்கள். ஒரு வயசானவன் கேட்கிற சின்ன உதவி.

பழனிக்கு நான் ஒரு கடன் பட்டிருந்தேன், அதை நான் மறுக்கவில்லை. சாட்சி இல்லாமல், விளம்பரம் இல்லாமல், அந்த அறையில் அதைத் தீர்த்துவிட்டேன். அதை அவனும் ஏற்றுக்கொண்டான் என்றே நம்புகிறேன். அவனுக்குக் கால்கள்தான் போயிருந்தன, கைகள் நன்றாகவே இருந்தன. கடைசி வரை என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தான். இதோ பாருங்கள், நகக்குறி இன்னும் ஆறவில்லை. நன்றி சொல்கிற ஒருவன் அவ்வளவு இறுக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை.